கார் ஷெட்டுக்குப் பின்னால் ஒரு லில்லி

தெக்லாவின் பொறாமைக்கு வயது இருபத்தாறு. அவளுடைய கொழுந்தன் ஓரெஸ்ட், வின்னிபெக் நகரத்துக்குப் போய் வெர்னாவைக் கல்யாணம் செய்து தங்கள் ஊரான டோலினாவுக்குக் கூட்டிக்கொண்டு வந்தானே, அன்றைக்குப் பிறந்தது அது. வந்த மூன்றாம் நாள் வெர்னா முட்டைக்கோஸ் இலைக்குள் அரிசியும் இறைச்சியும் வைத்துச் சுருட்டி வேகவைத்தாள். சுருள் அத்தனையும் பானைக்குள்ளேயே பிரிந்து கஞ்சியாகிவிட்டது. மாமியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாமனார் அந்தக் கஞ்சியை மூன்று தட்டு சாப்பிட்டுவிட்டு, இந்தப் பெண் வந்த பிறகுதான் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது என்று தேவாலய வாசலில் நின்று சொன்னார். அதற்கு முன்னால் நான்கு வருஷம், அதே அடுப்பில், ஒரு சுருளைக்கூடப் பிரியவிடாமல் வேகவைத்தவள் தெக்லா. அதைப் பற்றி யாரும் எந்த வாசலிலும் எதுவும் சொன்னதில்லை.

மூத்த மருமகளாக வாய்த்தவளுக்கு இதுதான் தொந்தரவு. ஒழுங்காகச் செய்தால் அது கடமை. இளையவள் கெடுத்து வைத்தால் அது அழகு.

தெக்லா மிகலுக் கெட்டவள் இல்லை. பத்தொன்பது வருஷமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். மைனஸ் நாற்பதில் பனிப்புயல் அடித்தாலும் சுற்றுவட்டப் பண்ணைப் பிள்ளைகளை ஒருவர் விடாமல் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுத்தான் திரும்புவாள். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் பாத்திரம் சூப் அவள் வீட்டிலிருந்துதான் போகும். உலகத்தில் வெர்னா ஒருத்தியைத் தவிர மற்ற எல்லோருக்கும் அவள் நல்லவள்தான். அந்த ஒருத்தி பக்கத்து வீட்டில் இருந்தாள். நடுவில் இடுப்பளவுக் கம்பி வேலி மட்டும்.

அந்த வேலியில்தான் கொடிகள் ஏறின. தோட்டம் என்று வந்தால் கனடாவின் இந்த சஸ்காச்சுவான் மாகாணத்தில் எல்லோருக்கும் கொஞ்சம் பைத்தியம் பிடிக்கும். வருஷத்தில் ஏழு மாதம் பனியைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு மிச்ச மாதங்களில் பூ வேண்டும், நிறைய வேண்டும். ஜனவரியில் நர்சரிக்காரர்களின் வண்ணப் புத்தகம் தபாலில் வரும். ஒரே பார்சலாக வரவழைத்தால் செலவு குறையும் என்று ஓரகத்திகள் இருவரும் தெக்லாவின் சமையலறை மேசையில் உட்கார்ந்து சேர்ந்தே தேர்ந்தெடுப்பார்கள்.

வெர்னா தேர்ந்தெடுக்கும் அழகே தனி. படத்தைப் பார்க்கமாட்டாள். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, செடியின் பெயருக்கு அடியில் பொடியெழுத்தில் போட்டிருக்கும் குளிர் எண்ணைப் பார்ப்பாள்; எண் குறையக் குறைய அந்தச் செடி அதிகக் குளிர் தாங்கும். இரண்டோ மூன்றோ இருந்தால் பென்சிலால் குறிப்பாள். நான்கு என்று இருந்தால் பக்கத்தைத் திருப்பிவிடுவாள். தெக்லா படத்தைப் பார்ப்பாள். படத்துக்கு முன்னால் வெர்னாவின் பென்சிலைப் பார்ப்பாள்.

"எனக்கு இந்த ஊதாக் கொடி போதும் அக்கா. குளிர்ல தரையோட கருகிடும், வசந்தத்துல அடியிலேருந்து திரும்ப வரும். புதுத் தண்டுலதான் பூக்கும்."

"அது ஊர்ல எல்லா வேலியிலயும் தொங்குது. எனக்கு இந்த ரோஸ் கலரு. பூவைப் பாரு, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இருக்கு."

"அது பழைய தண்டுல பூக்கிற ஜாதி அக்கா. நம்ம ஊர்ல பழைய தண்டு மிஞ்சுமா? நீங்களே சொல்லுங்க."

"உனக்கு மிஞ்சலைன்னா எனக்கும் மிஞ்சக் கூடாதா?"

ஜன்னலோரம் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த எலியாஸ் பக்கத்தைத் தாழ்த்தினார். தெக்லாவின் கணவர். தானியக் கிடங்கில் எடை போடுகிற வேலை. பேச்சையும் அளந்துதான் பேசுவார்.

"தெக்லா, பூவைப் பார்த்துத் தேர்ந்தெடு. நீ வெர்னா மூஞ்சியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிற."

"நீங்க பேப்பரைப் படிங்க."

இப்படியே தட்டு அகலப் பூ பூக்க வேண்டிய கொடிகள் நான்கு, தெக்லாவின் பக்கத்து வேலியில் வெறும் குச்சியாக நின்று செத்தன. வெர்னாவின் எளிய ஊதாக் கொடி ஜூலையில் வேலி தெரியாமல் பூத்து, போதாததற்கு இந்தப் பக்கமும் தலையை நீட்டியது. "பாத்தீங்களா அக்கா, உங்க பக்கமும் பூக்குது!" என்பாள் வெர்னா, வாயெல்லாம் பல்லாக. தெக்லாவுக்கு வயிறு பற்றி எரியும். பிச்சை போடுகிறாளா இவள்?

லில்லியிலும் அதே கதைதான். ஜூலை மூன்றாம் சனிக்கிழமை டோலினாவில் லில்லிக் கண்காட்சி. குளிர்காலத்தில் ஐஸில் கல்லைச் சறுக்கிவிட்டு கர்லிங் ஆடும் கொட்டகையில், ஐஸ் உருகிய சிமெண்டுத் தரையில் மேசைகள் போட்டு, காலி பீர் பாட்டில்களில் ஒற்றைத் தண்டு ஒற்றைத் தண்டாக நிறுத்திவைப்பார்கள். மொத்தக் காட்சியிலும் சிறந்த தண்டுக்கு ஒரு வெள்ளிக் கோப்பை; அடுத்த வருஷக் காட்சிக்கு அதைத் திரும்பக் கொண்டுவந்து வைக்க வேண்டும். ஏழு வருஷமாக அது வெர்னாவின் பியானோ மேல் இருக்கிறது. தெக்லா பாத்திரம் கழுவும் இடத்து ஜன்னலிலிருந்து பார்த்தால் அது நேராகத் தெரியும். திரைச்சீலை போடலாம்தான். போட்டால் வெளிச்சம் வராது.

அந்தக் கோப்பை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தன் வீட்டுக்கு வர வேண்டும். தெக்லா கடவுளிடம் கேட்டது அவ்வளவுதான். சரியாகச் சொன்னால் கோப்பை கூடத் தேவையில்லை. அது வரும்போது வெர்னாவின் முகம் சுருங்குவதைப் பார்க்க வேண்டும்.

போன செப்டம்பரில் ஒரு நாள் வெர்னா ஒரு ரொட்டிப் பையோடு வந்தாள். பைக்குள் ஈர மரத்தூள், அதற்குள் பூண்டு மாதிரிப் பல் பல்லாக ஒரு லில்லிக் கிழங்கு.

"இது கடையில வாங்கினது இல்ல அக்கா. நானே மகரந்தம் தடவி, விதை போட்டு, அதுல நல்லதைப் பொறுக்கி, திரும்பத் தடவி... ஒன்பது வருஷம் ஆச்சு. இந்தக் கோடையிலதான் முதல் பூ. தோண்டிப் பார்த்தேன், ரெண்டு கிழங்கா ஆயிருக்கு. ஒண்ணு எனக்கு, ஒண்ணு உங்களுக்கு. வேற யார்கிட்டயும் கிடையாது."

"எனக்கெதுக்கு?"

"உங்களுக்குத் தராம யாருக்குத் தர? தெக்குச் சுவத்தோரம் வைங்க. அடித்தளத்துச் சூடு வரும், இதமா இருக்கும். நானும் அங்கதான் வைக்கப் போறேன்."

ஒன்பது வருஷம் பாடுபட்டு உண்டாக்கியதை யாராவது தூக்கிக் கொடுப்பார்களா? தெக்லா இரண்டு நாள் யோசித்தாள். சொத்தைக் கிழங்கைத் தள்ளிவிட்டிருப்பாள். அல்லது பூத்த பிறகு, அது நான் கொடுத்தது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளத்தான் கொடுத்திருப்பாள். இந்த இரண்டாவது யோசனை வந்ததும் தெக்லாவுக்குக் கை கால் எல்லாம் எரிந்தது. தெற்குச் சுவரோரம் அவள் புத்தகத்தில் பார்த்து வரவழைத்த 'இளவேனில் ராணி' என்ற லில்லிக்கு ஒதுக்கப்பட்ட இடம். வெர்னாவின் கிழங்கைக் கார் ஷெட்டுக்குப் பின்னால், வடக்குப் பக்கம், குப்பை எரிக்கும் தகர டிரம்முக்குப் பக்கத்தில் குழி தோண்டிப் புதைத்தாள். நட்டாள் என்று சொல்ல மனம் வரவில்லை.

எலியாஸ் வாசலில் வாரும் பனியெல்லாம் அங்கேதான் போய்க் குவியும். அந்தக் குளிர்காலத்தில் ஆள் உயரத்துக்குக் குவிந்தது.

மே மாதம், வேலியோரம் வெர்னா கேட்டாள். "என்னோடது ஒரு விரல் முளைச்சிடுச்சு அக்கா! உங்களோடது?"

கார் ஷெட்டுக்குப் பின்னால் பனி இன்னும் கிடந்தது. தெக்லா அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்திருக்கவில்லை. ஆனால் அந்த 'முளைச்சிடுச்சு'வில் இருந்த குதூகலம் அவள் வாயைத் திறந்துவிட்டது.

"உன் கிழங்கா? அழுகிப்போச்சுடி. எடுத்துப் போட்டுட்டேன்."

உன்னுடையது சொத்தை என்று சொல்லாமல் சொன்ன மாதிரி. வெர்னா, "அய்யோ, பரவால்ல அக்கா, விடுங்க" என்று முணுமுணுத்துவிட்டுச் சட்டென்று வீட்டுக்குள் போய்விட்டாள். தெக்லாவுக்கு அன்றைக்கு இரவுச் சாப்பாடு நன்றாக இறங்கியது.

பத்து நாளில் கடும் உறைபனி விழுந்தது. சுவரின் சூட்டை நம்பி அவசரப்பட்டு முளைத்த வெர்னாவின் லில்லி கறுத்துத் தொங்கியது. தோண்டிப் பார்த்தால் கிழங்கும் கூழ். தெற்குச் சுவரில் பனி தங்குவதில்லை. குளிர்காலம் முழுக்க உருகுவதும் உறைவதுமாக அந்த மண் கிழங்கைத் தின்றுவிட்டது. தெக்லாவின் ராணிக்கும் அதே கதி. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள்கூடப் பிரியமானதைச் சூட்டில் வைத்துச் சாகடிப்பார்கள். குவிந்த பனிதான் கிழங்குக்குப் போர்வை என்று நம்ப மனம் வராது.

வெர்னா வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "ஒன்பது வருஷம் அக்கா. போச்சு. இனிமே ஒண்ணுமே இல்ல." தெக்லா அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள். ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளூர ஜில்லென்று இருந்தது. அதற்காக வெட்கப்பட்டாள் என்று எழுத ஆசைதான். அன்றைக்கு அவள் வெட்கப்படவில்லை.

ஜூன் முதல் வாரம் குப்பை எரிக்கப் போனாள். டிரம்முக்குப் பக்கத்தில், முழங்கால் உயரத்துக்கு, தண்டு ஒன்று இரும்புக் கம்பி மாதிரி நிமிர்ந்து நின்றது.

தெக்லா குப்பை வாளியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள்.

உடனே போய்ச் சொல்லியிருக்கலாம். வேலிக்கு முப்பது அடி தூரம். சொன்னால் வெர்னாவின் ஒன்பது வருஷம் அவளுக்குத் திரும்பக் கிடைக்கும். ஆனால் "அழுகிப்போச்சுன்னீங்களே அக்கா?" என்று கேட்பாளே! அதற்கு என்ன பதில் சொல்வது? இன்றைக்கு வேண்டாம், நாளைக்குச் சொல்லலாம். நாளைக்கும் அதையே நினைத்தாள். மூன்றாம் நாள் ஒரு பழைய கதவை எடுத்துவந்து செடிக்கு முன்னால் சாய்த்துவைத்தாள்.

"அந்தக் கதவு எதுக்கு அங்க?" என்றார் எலியாஸ்.

"காத்து வருது."

"யாருக்கு? டிரம்முக்கா?"

ஜூலையில் பூத்தது. ஒரே தண்டில் ஒன்பது பூ. வெண்ணெய் நிறம், இதழின் ஓரம் மட்டும் துருப்பிடித்த இரும்பின் சிவப்பு. ஒன்றையொன்று இடிக்காமல், எல்லாம் வெளிப்பக்கம் பார்த்து. அப்படியொரு லில்லியைத் தெக்லா எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. காலையில் காப்பியை எடுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய்க் குப்பை டிரம்முக்கும் பூவுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பாள். ஊரிலேயே அழகான பூ அவளிடம் இருக்கிறது, அதை ஒரு மனிதரிடம் காட்ட முடியாது. பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருக்கும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இதுவும் அவள் உண்டாக்கியதுதானே என்று எரிச்சல் வரும். பூவைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள் டோலினாவில் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்னால் வெர்னா சொன்னாள். "இந்த வருஷம் நான் வரல அக்கா. எந்தத் தண்டை வெட்டினாலும் அது ஞாபகம்தான் வருது. நீங்க போய்ட்டு வாங்க."

வெர்னா வரமாட்டாள். அவளைத் தவிர அந்தப் பூவைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. தெக்லாவுக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

சனிக்கிழமை காலை தண்டை வெட்டி, பாட்டிலில் நிறுத்தி, வண்டியில் ஏறி மடியில் வைத்துக்கொண்டாள். எலியாஸ் பூவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"இது எங்கேருந்து?"

"நம்ம தோட்டத்துலேருந்து."

"நம்ம தோட்டத்துல ஏது இது?"

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."

கொட்டகையில் பெயர்ச் சீட்டு கொடுத்தார்கள். லில்லியின் பெயர், வளர்த்தவர் பெயர். முதல் கோட்டில் செத்துப்போன 'இளவேனில் ராணி'யின் பெயரை எழுதினாள். இரண்டாவதில் தன் பெயரை, கொஞ்சம் பெரிதாகவே.

நடுவர் திருமதி ஹால்வோர்சன் நகரத்திலிருந்து வந்தவர். நாற்பது வருஷமாக லில்லியோடு குடும்பம் நடத்தியவர். கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஊர் நிற்க, அந்த அம்மா ஒவ்வொரு பாட்டிலாகக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார். தெக்லாவின் பாட்டிலுக்கு முன்னால் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பாட்டிலைத் தன் கையாலேயே எடுத்துக்கொண்டு போய்க் கோப்பை இருந்த மேசையில் வைத்தார். தெக்லாவுக்கு நெஞ்சு அடித்த அடி பக்கத்தில் நின்ற எலியாஸுக்கே கேட்டிருக்கும். பிறகு அந்த அம்மா சீட்டைப் படித்தார்.

"தெக்லா மிகலுக் யாரு? கொஞ்சம் வாங்கம்மா. இது இளவேனில் ராணி இல்லையே. அது ரோஸ், தலையைத் தொங்கப் போட்டுப் பூக்கும். இந்த மாதிரி ஒண்ணை நான் பார்த்ததே இல்ல. யார் உண்டாக்கினது?"

தெக்லா குனிந்து பாட்டிலின் லேபிளை நகத்தால் சுரண்டினாள். அந்த அம்மா சிரித்தார்.

"நீங்களே விதை போட்டு உண்டாக்கினதா? கூச்சப்படாதீங்க. அப்படின்னா கோப்பையும் உங்களுக்கு, பூவுக்குப் பேர் வைக்கிற உரிமையும் உங்களுக்கு. ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

ஒரு வார்த்தை. பென்சில் காகிதத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. தெக்லா தலையை ஆட்டப் போனாள். அப்போது சமையலறைப் பக்கத்துக் கதவைக் காலால் தள்ளிக்கொண்டு, இரண்டு கையிலும் பெர்ரிப் பழம் வைத்துச் சுட்ட 'பை' பலகாரத் தட்டுகளோடு வெர்னா உள்ளே வந்தாள். கண்காட்சிக்குப் பலகாரம் செய்கிறேன் என்று ஒப்புக்கொண்டவளுக்குக் காய்ச்சலாம். காலையில் ஆள் அனுப்பி வெர்னாவைப் பிடித்திருக்கிறார்கள்.

வெர்னா பூவைப் பார்த்தாள். நின்றுவிட்டாள். அது என்னுடையது என்று கத்தவில்லை, ஓடி வரவில்லை. தட்டுகளைப் பிடித்தபடி தெக்லாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா?" என்றார் நடுவர்.

"இவளோடது" என்றாள் தெக்லா. "இவதான் உண்டாக்கினா. ஒன்பது வருஷம். நான் மண்ணுல போட்டேன், அவ்வளவுதான்."

வெர்னா தட்டுகளை மேசையில் வைத்தாள். மெதுவாக நடந்து வந்தாள்.

"அழுகிப்போச்சுன்னு சொன்னியே."

இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக 'நீ' என்றாள்.

"பொய் சொன்னேன்."

"நான் வேலியைப் பிடிச்சுக்கிட்டு அழுதேனே, அப்பவும் வாயைத் திறக்கலையே நீ!"

"அப்ப எனக்கே தெரியாதுடி. ஜூன்லதான் பார்த்தேன். ஆனா, தெரிஞ்சிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்."

"ஏன்? நான் உனக்கு என்ன பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல. வயித்தெரிச்சல். வேற என்ன? நீ தொட்டதெல்லாம் பூக்குது, நான் தொட்டதெல்லாம் குச்சியா நிக்குது. பாத்திரம் கழுவினா உன் கோப்பை தெரியுது. இருபத்தாறு வருஷம் எரிஞ்சிருக்கேன். உனக்கு அது எங்க புரியப் போகுது? நீ மகராசி, யாரைப் பார்த்து உனக்கு வயிறு எரிஞ்சிருக்கு?"

வெர்னாவின் முகம் சிவந்தது. கோபமா, வேறெதுவுமா என்று தெக்லாவுக்குத் தெரியவில்லை. சுற்றி அறுபது பேர் நிற்பதையும் வெர்னா மறந்துவிட்டாள்.

"எரியாதுன்னு யார் சொன்னா உனக்கு? கிழங்கைக் கொடுத்துட்டு வீட்டுக்குள்ள வந்ததுலேருந்து எனக்கு நிம்மதியே இல்ல. ஏன்டா கொடுத்தோம்னு. நீ என்னைவிட நல்லா வளர்த்துட்டா? அதை நீயே இங்க கொண்டுவந்து நிறுத்திட்டா? அழுகிப்போச்சுன்னு நீ சொன்னப்ப, அப்பாடான்னு இருந்துச்சு. தெரியுமா? வீட்டுக்குள்ள போய், கதவைச் சாத்திட்டு, ஒத்தையா நின்னு கேக் சாப்பிட்டேன்!"

தெக்லா அவளை வெறித்துப் பார்த்தாள்.

"கேக்கா?"

"ஆமா."

"எத்தனை துண்டு?"

"ரெண்டு" என்றாள் வெர்னா ஆத்திரத்தோடு. "பெரிய துண்டு."

தெக்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைக் கையால் மூடிப் பார்த்தாள், நிற்கவில்லை. கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். கோப்பை கைக்கு வந்திருந்தாலும் இவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது. எலியாஸ் அவள் முழங்கையைப் பிடித்தார். நடுவருக்குப் பொறுமை போய்விட்டது.

"நான் சீட்டுல யார் பேரைத்தான் எழுதறது?"

"இவ பேரை எழுதுங்க, கோப்பையையும் இவளுக்கே கொடுங்க" என்றாள் தெக்லா, வெர்னாவின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு. "ஆனா ஒரு நிமிஷம் இருங்கம்மா. முதல்ல இவ அந்தக் கேக்கு விஷயத்தை இன்னொரு தடவை சொல்லட்டும்."